நாற்பத்திரண்டாவது பழக்கம்

என் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும், ஐயா. அதனால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன்.

மருந்துக் கிடங்கில் இருபத்தாறு வருடம் சரக்குப் பொறுப்பாளராக இருந்தேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு திட்ட மேலாளர் வந்தார். கெட்டிக்காரர். முதல் கூட்டத்திலேயே என் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"அண்ணே, இத மியூசியத்துல குடுத்துடுங்க. இனிமே சிஸ்டத்துல இல்லாதது எதுவுமே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அங்கேயே வேலை பார்த்த என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மகளையும் சேர்த்துப் பழைய ஆட்களை வேறு கிடங்குகளுக்கு மாற்றிவிட்டு, புதியவர்களுக்குப் பயிற்சி தர என்னை மட்டும் வைத்துக்கொண்டார். பழைய பழக்கங்களை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னார். நாற்பத்தொன்று எழுதினேன். ஒன்றை விட்டேன். சூட்டில் கெட்ட மருந்துப் பெட்டியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவோம்; குறி விழுந்த பெட்டி வெளியே போகாது.

பொறுத்தார் பூமி ஆள்வார். நான்கு மாதம் பொறுத்தேன். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து, பழுதான லாரியில் ஒன்பது நாள் வெயிலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தது. ஸ்கேனருக்கு வெயில் தெரியாது. நான் வழக்கம்போல் பன்னிரண்டு பெட்டியிலும் குறி போட்டேன். கடமையில் நான் தவறியதே இல்லை.

மறுநாள் காலை புதுப் பெண் கேட்டாள்.

"சார், பெட்டியில யாரோ கிறுக்கியிருக்காங்க. அனுப்பலாமா?"

"சிஸ்டம் என்னம்மா சொல்லுது?"

"சரின்னு சொல்லுது சார்."

"அப்புறம் என்ன?"

ஐந்து தாய்மார்கள் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்தார்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. மேலாளர் முகம் வெளுத்து என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?"

"சிஸ்டத்துல இல்லாதது எதுவுமே இல்ல சார்."

வயிறு குளிர்ந்தது, ஐயா. அவரை நீங்கள் கைதும் செய்துவிட்டீர்கள். ஆனால் தன்னை வீழ்த்தியது யாரென்று தெரியாமலே அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் நான் பட்ட பாடெல்லாம் வீண். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குறி போட்டவன் நான். அதைத் துடைக்க அந்தப் பெண்ணிடம் ஈரத்துணி கொடுத்தவனும் நான்தான். நன்றாகப் பிழிந்துதான் கொடுத்தேன். மருந்துப் பெட்டி நனையக் கூடாது.