அரை நாள் அமைதி

ஐயா, கோயமுத்தூர்த் தண்ணீரைப் போல ருசியான தண்ணீரை நான் ரங்கூனில் குடித்ததில்லை. நான் பிறந்தது அங்கே. முப்பதாம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, மாரியம்மன் கோயில் முச்சந்தியில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை போட்டேன். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. இங்கே மனிதர்கள் மரியாதையானவர்கள். குறை என்று சொன்னால் நோம்பி என்கிற அம்மன் திருவிழா ஒன்றுதான்.

அது எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கோயிலுக்கு முன்னால் மூன்று கிளையுள்ள மரக்கம்பம் ஒன்றை நடுவார்கள். அதைச் சுற்றிப் பதினைந்து நாள் ஆட்டம். தப்பட்டை, உருமி, கொம்பு எல்லாம் உண்டு. கம்பத்துக்கும் என் மேஜைக்கும் பன்னிரண்டு அடி. பெண்டுலக் கடிகாரத்தைச் சீராக்குவது காதால் செய்கிற வேலை. ஒரு 'டிக்'குக்கும் அடுத்த 'டிக்'குக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் நொண்டினாலும் இரண்டு நாளில் நின்றுவிடும். உருமிச் சத்தத்தில் நான் எதைக் கேட்பது?

நோம்பி முடியும்வரை போத்தனூரில் போய் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். பதினாறு கடிகாரங்களை மாட்டுவண்டியில் ஏற்றினால் அத்தனையும் ஒழுங்கு கெட்டுவிடும்.

முப்பத்துநாலில், நோம்பியின்போது தெருவில் ஒரு கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. உடனே கோயில் நடையைச் சாத்தினார்கள். கொட்டு நின்றது. தெருவில் பிணம் இருக்கும்வரை அம்மனுக்குப் பூஜை கிடையாதாம். எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு வேங்கடசாமிக் கவுண்டரைத் தேர்ந்தெடுத்தேன். எண்பத்தாறு வயது. "ஏனுங்க ரங்கூன்காரரே, உங்க கடியாரம் ஆளுக்கொரு மணி சொல்லுதுங்களே, நா எந்த மணிக்குச் சோறுங்கறது?" என்று தினமும் கேலி செய்வார். நல்ல மனிதர். மத்தியானத் தூக்கத்தில், அவருடைய தலையணையாலேயே முடித்தேன். அந்த வயதில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் நான் வெளியூர்க்காரன், தப்புச் செய்துவிட்டேன். கோயில் கொட்டு நின்றது. சாவு வீட்டுக் கொட்டு ஆரம்பித்தது.

"நோம்பி நேரமுங்க, சத்தமில்லாம எடுத்துப்போடலாமுங்க" என்று கோயில்காரர் சொல்லிப் பார்த்தார். மூத்த மகன் நஞ்சுண்டன் பாய்ந்தார்.

"பேரன் பேத்தி பாத்த சாவுங்க. எங்கப்பன் என்ன கோழிக்குஞ்சா, ஓசையில்லாம பொதைக்க?"

தாராபுரத்திலிருந்து மகள் வந்துசேரும்வரை, மறுநாள் மத்தியானம் வரைக்கும், நாலு தப்பட்டை. என் சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே.

வயதானவர்களுக்குத்தான் கொட்டு, குழந்தைகளுக்கு இல்லை. முந்தின வருஷம் கண்ணெதிரே நடந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதானே என் தொழில்.

எதிர்வீட்டுச் சுப்பாத்தாளின் மகள் சென்னிக்கு ஐந்து வயது. பெண்டுலம் ஆடுவதைப் பார்க்க அடிக்கடி வருவாள். இந்த வருஷம் நோம்பியின் ஆறாம் நாள் காலையிலும் அவளாகத்தான் வந்தாள். தெருவே கம்பத்தடியில் கூடியிருந்தது. பயந்துவிடக் கூடாதென்று அவளோடு பேசிக்கொண்டே பின்சந்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி இருக்கிறது. தவறி விழுந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து மணிக்குக் கோயில் கொட்டு நின்றது. வீட்டுக் கொட்டு எழவில்லை. பிற்பகலுக்குள் ஒன்பது கடிகாரங்களைச் சீராக்கிவிட்டேன். சுப்பாத்தாள் மட்டும் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் தெருவைத் தாண்டிப் போய் அவளிடம் சொன்னேன்:

"கொஞ்சம் மெதுவா அழுவுங்க அம்மணி. இன்னும் ஏழு கடியாரம் இருக்குதுங்க."

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் வெள்ளியங்கிரி என்னையும் என் கடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தான். அதில் அவனுக்கு என்ன தப்புத் தெரிந்ததோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த ஊர்க்காரர்களைப் போலவே 'ங்க' போட்டு, மரியாதையாகத்தான் சொன்னேன்.