பத்தாவது மாணவி

எங்கள் கல்லூரி கேண்டீனில் உளுந்து வடை நன்றாக இருக்கும், சார். விசாரணைக்கு வந்த அன்று நீங்கள் சாப்பிடாமலே போய்விட்டீர்கள். அந்தக் கல்லூரியில் யாரும் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

நான் ஹேமலதா. அங்கே தாவரவியல் துறைத் தலைவி. துறையில் நான் ஒருத்திதான் ஆசிரியை என்பதால் என் தலைமையை இதுவரை யாரும் எதிர்த்ததில்லை. எங்கள் செயலாளர் விஜயகுமாருக்கு ஏற்காடு ஏரிப் பக்கம் இரண்டு லாட்ஜ், வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட், அதற்குப் பிறகு நாங்கள். லாட்ஜில் அறை காலியாக இருந்தால் வாடகையைக் குறைப்பார். கல்லூரியில் வகுப்பு காலியாக இருந்தால் ஆசிரியரைக் குறைப்பார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாதம் எங்களைக் கூட்டி வைத்து, என் பக்கம் திரும்பி, "மேடம், உங்க டிபார்ட்மென்ட்ல பத்துப் பேராச்சும் சேரலீன்னா மூடிருவோமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகவே எடுத்துக்கொண்டேன்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஆசிரியர்கள் நாங்கள் நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராகக் கிளம்புவோம். பிள்ளை பிடிக்கிற வேலை என்று எங்களுக்குள் அதற்குப் பெயர். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, ஷேர் ஜீப்பில் கோழிகளுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் உட்கார்ந்து உயர்கல்வியைப் பரப்பப் போவோம். அப்படித்தான் மஞ்சக்குட்டைக்குப் போனேன். புஷ்பலதாவை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

அவள் அப்பா சின்னன் கொஞ்சம் ராகி, கொஞ்சம் காப்பி, நிறைய பேச்சு வைத்திருந்த விவசாயி. நான் நீட்டிய நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செடியப் பத்துன படிப்புங்களா? அது எங்க ஊட்டச் சுத்தியே இருக்குதுங்களே, மேடம்."

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் சிரித்துவிட்டாள். அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். வேளாண்மை படிக்கக் கோயம்புத்தூருக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

"எங்க ஊருக்கு ஒருக்கா அக்ரி ஆபீசர் வந்தாருங்க. ஜீப்ப உட்டு எறங்கவே இல்லீங்க, மேடம். கண்ணாடிய எறக்கிப் பேசிட்டுப் போயிட்டாரு. நான் ஆபீசரானா எறங்குவேனுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்புங்கள் சார், நல்ல மாணவியைப் பார்த்தால் நான் கலங்கிவிடுவேன். அதனால்தான் உதவுகிறேன் என்றேன். இணையத்தில் விண்ணப்பிப்பது மலைக் கிராமத்தில் சுலபமில்லை. அவர்கள் வீட்டில் இருந்த போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் பலாமரத்தில் ஏற வேண்டும். ஏற்காட்டுக்கு வரச் சொல்லி, என் மேசையில் உட்கார வைத்து, நானே எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தேன். தொடர்புக்கு என் கைப்பேசி எண்ணைப் போட்டேன். அவளுக்கு அவ்வளவு நன்றி. மறுநாள் அவள் அம்மா ராசம்மாள் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். புளிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

அந்த வருடம் என் துறையில் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் இடம் ஒதுக்கிய செய்தி ஒரு காலை வேளையில் என் கைப்பேசிக்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தார்கள். நான் எதையும் அழிக்கவில்லை, சார். யார் பெயரிலும் எதையும் மாற்றி எழுதவில்லை. வந்த செய்தியைப் படித்தேன். படித்துவிட்டு, வெயில் இருக்கும்போதே துணி காயப்போட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன். மலையில் வெயிலை நம்ப முடியாது, உங்களுக்கே தெரியும்.

அந்த வாரத்தில் இரண்டு முறை ஜீப் பிடித்து வந்து கேட்டாள். "ஏதாச்சும் வந்துச்சுங்களா, மேடம்?"

"இன்னும் இல்ல, கண்ணு."

அடுத்த வாரம் வந்தபோது, கிடைக்கவில்லை என்று சொன்னேன். போட்டி அதிகம், அவள் மனசை விடக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். சின்னக் கல்லூரியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிக்க முடியும், கோயம்புத்தூரில் கூட்டத்தில் ஒருத்தியாகக் காணாமல் போயிருப்பாள் என்று எடுத்துச் சொன்னேன். அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. வேளாண்மைக்கும் தாவரவியலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இரண்டிலும் செடி இருக்கிறது. அன்று மாலையே சேர்ந்துவிட்டாள். செயலாளர் எனக்குக் கை கொடுத்தார்.

நான் கைதான மறுநாளே அவர் துறையை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வகுப்பறையில் லாட்ஜ் மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறாராம். செய்யட்டும். மெத்தைகளுக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

புஷ்பலதா நன்றாகப் படித்தாள். இந்த மலையில் எனக்கே பெயர் தெரியாத செடிகளை அவள் தழைவாசனையை வைத்துச் சொல்வாள். நான் லத்தீன் பெயரைச் சொல்லிக் கொடுப்பேன். எனக்கு அவள்மேல் இருந்த பிரியத்தைப் பற்றி நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவளுக்குச் சளி பிடித்தால் நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். என் ஸ்வெட்டர் ஒன்றைக்கூடக் கொடுத்திருக்கிறேன். ஒரு நல்ல காரியம் நடப்பதற்கு வழி கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மற்ற இரண்டு பேர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. அவர்கள் படிப்பில் சுமார்.

ஆமாம், இரண்டு பேர். அடுத்த வருடமும் சேர்க்கை நடத்த வேண்டுமே, சார். அதைப் பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஆயுத பூஜை விடுமுறையில்தான் சிக்கல் வந்தது. அவளோடு பள்ளியில் படித்த திவ்யா கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். மதிப்பெண் குறைவுதான், ஆனால் அவளுக்கு வேளாண்மையில் இடம் கிடைத்திருந்தது. பள்ளி முடிந்த பிறகு முதல் முறையாக இருவரும் பஸ் ஸ்டாண்டில் சந்தித்திருக்கிறார்கள். "உனக்குந்தான் சீட் வந்துச்சே, லிஸ்ட்ல பாத்தேனே, ஏன்டி வரல? ஹாஸ்டல்ல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல உனக்கு எடம் புடிச்சு வெச்சிருந்தேன்" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். சிநேகிதிகள் இப்படித்தான், யாரும் கேட்காமலே இடம் பிடித்து வைப்பார்கள்.

புஷ்பலதா இதை உடனே என்னிடம் சொல்லவில்லை. விடுமுறை முடிந்த சனிக்கிழமை வழக்கம்போல என்னோடு செடி சேகரிக்க வந்தாள். வெள்ளக்கடையைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு காப்பிக் காட்டில், நான் போன வருடம் வாங்கிய பழைய காரை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். கத்தரியும் பையும் அவள் கையில் இருந்தன. முன்னால் நடந்தவள் நின்றாள்.

"மேடம், எனக்குச் சீட் வந்த மெசேஜ் உங்களுக்கு வந்துச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதற்கு நான் மரியாதை கொடுத்தேன்.

"வந்துச்சு, கண்ணு."

"ஏனுங்க மேடம்?"

துறையைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் முடிந்து போன விஷயம், இன்னும் கொஞ்ச நாளில் பட்டம் வாங்கிவிடுவாய் என்றேன். அவள் அழவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அழுதிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

"சதீசுக்கும் உங்க நம்பரத்தான் குடுத்தீங்களா?"

சதீஷ், நான் சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருவன்.

"நான் ஒவ்வொரு ஊடா போயிச் சொல்லப் போறேனுங்க" என்றாள். "நீங்க நோட்டீஸ் குடுத்த எல்லா ஊட்டுக்கும் போவேன். இனி ஒரு புள்ள உங்ககிட்ட வராது."

அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். நல்ல வளர்ப்பு. சொல்லிவிட்டுத் திரும்பி, ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள். கீழே பார்க்காமல் சருகில் கால் வைத்தாள். நல்ல பாம்பு. கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டு அதன் வழியில் போய்விட்டது. பாம்பை நான் கொண்டு வரவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், சார். செய்யாததை எல்லாம் என் தலையில் கட்டுவதில் நியாயமில்லை.

அவளைத் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்தது நான்தான். பின் சீட்டில் படுக்க வைத்தேன். பயந்து போயிருந்தாள், ஆனால் நிதானம் தவறவில்லை. "ஏற்காடு ஆசுபத்திரிக்குப் போயிரலாங்க மேடம், பக்கந்தானுங்க" என்றாள். ரோடு பிரியும் இடம் வந்தது. ஒரு பக்கம் ஏற்காடு. இன்னொரு பக்கம் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்குகிற நீளமான பாதை.

"சேலத்துக்கே போயிரலாம், கண்ணு. அங்கதான் பெரிய டாக்டருங்க இருக்காங்க."

"சரிங்க மேடம்."

இதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். காட்டுக்குள் அத்தனை பேசிய பிறகும் அவள் என்னை நம்பினாள்.

நான் மெதுவாக ஓட்டினேன் என்பது உங்கள் குற்றச்சாட்டு. மலைப்பாதையில் மெதுவாகச் செல்லவும் என்று வளைவுக்கு வளைவு நெடுஞ்சாலைத் துறையே போர்டு வைத்திருக்கிறது. வேகமாக ஓட்டியிருந்தால் அதற்கு ஒரு வழக்குப் போட்டிருப்பீர்கள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அதுவும் உண்மைதான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வண்டி ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை. கடைக்காரர் சித்தன் டீயை நீட்டிவிட்டுக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"புள்ளைக்கு என்னாச்சுங்க மேடம்? கண்ணு சொருகுது?"

"வாந்திங்க. வளைவு ஒத்துக்கல. தூங்குறா."

"எலுமிச்சம்பழம் ஒண்ணு தரட்டுங்களா? மோந்து பாத்தா சரியாப் போயிரும்."

கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். அவர் உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் நான் எதையும் மறுக்கவில்லை.

அதற்கு அடுத்த வளைவில் ரோட்டோரம் அகலமாக ஓர் இடம் இருக்கிறது. டூரிஸ்ட்டுகள் இறங்கிப் படம் எடுப்பார்கள். அன்று மேகம் மூடியிருந்ததால் யாரும் இல்லை. காரை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். பின்னால் போய் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இமையைத் தூக்க முடியவில்லை அவளுக்கு. நாக்கு குழறியது.

"ஏ...னுங்க மேடம் நின்னுட்டீங்க?"

"மேகம் கண்ணு, ரோடு தெரியல."

"போ...லாங்க."

"போலாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேற்படிப்புக்கு எங்கே சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கீழே பள்ளத்தில் மேகம் விலகிச் சேலம் தெரிந்தது. திரும்ப மூடிக்கொண்டது. ஒரு பஸ் மேலே ஏறிப் போனது. கை தூக்கியிருந்தால் நின்றிருக்கும். என் இரண்டு கையும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தன. மூச்சு முதலில் வேகமாக வந்தது, பிறகு நின்று நின்று வந்தது, பிறகு நான் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. ஒரு நிமிடம்கூட அவளைத் தனியாக விடவில்லை.

அதற்குப் பிறகு வேகமாகத்தான் ஓட்டினேன். ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். எல்லோரும் வழிவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நர்ஸ் ஒருத்தர், சின்ன வயசுதான், என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்போது நான் உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெண் என் தோளில் கை வைத்து, "நீங்க அம்மாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அதை மட்டும் பொய் என்று எழுதிவிடாதீர்கள், சார்.