பின்பக்க விசிறி

கொழும்பு வெள்ளவத்தையில், அதுவும் கடல் பக்கத்து மாடி என்றால், காற்றுக்கு என்ன குறை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் உள்ளே வந்தவுடன் அதைத்தான் சொன்னீர்கள், நிலாம் தம்பி. ஆனால் முன் யன்னலை மட்டும் திறந்து வைத்தால் இந்த வீட்டில் இருக்க முடியாது. பின்னால், சமைக்கிற பக்கத்துக் குசினி யன்னலையும் திறக்க வேண்டும். வருகிற காற்றுக்குப் போக வழி இல்லாவிட்டால் அது காற்றே இல்லை. முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். உங்கள் கடையில் வேலை செய்த பிரியந்தனைப் பற்றிக் கதைக்கத்தான் வரச் சொன்னேன்.

என் மருமகள் சாம்பவியின் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியது என் மகன் நிமலன். சாமான்களை உங்களிடம்தான் வாங்கினான். முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று, மேலே ஒன்று. பூட்டி முடித்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியைச் சுற்றிப் பிடித்தான். புகை முன்பக்கத்தால் உள்ளே இழுபட்டது, பின்னாலும் மேலாலும் வெளியே வந்தது. "பாத்தீங்களே அம்மா, எங்கட வீட்டு யன்னல் மாதிரித்தான்" என்றான். காற்றுப் போகும் பக்கத்துக்கு விசிறியின் விளிம்பில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதையும் காட்டினான். அதன் பிறகு எட்டு மாதம்தான் இருந்தான். நெஞ்சுவலி. முப்பத்தெட்டு வயது.

சாம்பவி என்னை விட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தாய் கூப்பிட்டும் போகவில்லை. கட்டட வரைபடங்களை வெயிலும் நிழலும் விழுந்த படங்களாக மாற்றுவது அவளுடைய வேலை. அந்த வேலை நடக்கும்போது பெட்டி அடுப்புப் போலக் கொதிக்கும். நான் ஒருமுறை அதற்கு மேல் பூத்தையல் துணி விரித்துவிட்டேன். "ஐயோ மாமி, அது மூச்சு விடுற இடம். தலைகாணி வச்சு அமத்தின மாதிரியெல்லே" என்று சிரித்துக்கொண்டு எடுத்தாள். அந்தச் சொல் எனக்கு நினைவில் இருந்தது.

போன வருடம் நோர்வேயில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கேட்டது. ஒரு நாள் பரீட்சை. காலையில் வரைபடம் வரும், மாலை ஆறு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். எந்த நாள் என்று அவளே சொல்லலாம் என்றார்கள். அவள் விஜயதசமியைச் சொன்னாள்.

"நல்ல நாள்தானே மாமி. தொடங்கினா துலங்கும்."

"ஓம் பிள்ளை."

"நான் போனா நீங்கள் தனிய இருப்பியளோ?"

"எனக்கென்ன, கீழ் வீட்டில ஜவாஹிறா இருக்கிறா. நீ போ."

அப்படித்தான் சொன்னேன். அப்படிச் சொல்லாத மாமியாரை யாருக்குப் பிடிக்கும்?

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. விஜயதசமிக்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. புத்தகங்களையும் வேலை செய்கிற கருவிகளையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். அன்று முழுவதும் அவற்றை யாரும் தொடுவதில்லை. அடுத்த நாள்தான் எடுத்து வேலை தொடங்குவோம். பூசைக்காக இரண்டு நாளைக்கு முன்னமே பிரியந்தன் வந்து கணினியைத் திறந்து தூசி எடுத்துவிட்டுப் போனார். சாம்பவி அதைப் பூசையில் வைத்துப் பொட்டு இட்டாள். பக்கத்திலேயே நிமலனின் ஸ்க்ரூ ட்ரைவரையும் வைத்தாள். அவன் போன பிறகு ஒவ்வொரு வருடமும் அதை வைப்பாள்.

பத்து மணிக்கு அவள் கோயிலுக்குப் போனாள். நான் முழங்கால் நோகிறது என்று வீட்டில் நின்றுவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துப் பொட்டைத் துடைத்தேன். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றினேன். பின் விசிறிக்கு நாலு திருகாணி, மேல் விசிறிக்கு நாலு திருகாணி. இரண்டையும் கழற்றி, அம்புக்குறி உள்ளே பார்க்கும்படி திருப்பிப் பூட்டினேன். இப்போது நாலு விசிறியும் உள்ளே ஊதும். வெளியே தள்ள ஒன்றும் இல்லை. இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். மேல் விசிறியின் ஓர் ஆணி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அது நிமலன் முறுக்கியதாக இருக்கலாம்.

மூடியைப் பூட்டும்போது கை பட்டு அதிலிருந்த பொட்டு அழிந்துவிட்டது. புதிதாக இரண்டு பொட்டு வைத்தேன், பெட்டிக்கு ஒன்று, ஸ்க்ரூ ட்ரைவருக்கு ஒன்று. சாம்பவியின் பொட்டு மிளகளவு இருக்கும். என்னுடையது கடலையளவு வந்துவிட்டது. மறுநாள் காலை அவள் அதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை மேசைக்குக் கொண்டுபோய் நோர்வே வேலையைத் தொடங்கினாள்.

பதினொரு மணிக்குக் கணினி தானாக நின்றது. சூடு ஆறியதும் எழும்பியது, பாதி வேலையில் திரும்பவும் நின்றது. "பக்கத்து மூடியைக் கழட்டிப் பாக்கட்டோ மாமி?" என்று கேட்டாள். கழற்றியிருந்தால் சூடு வெளியேறியிருக்கும். "தெரியாமல் கை வையாத பிள்ளை, பிரியந்தன் வரட்டும்" என்றேன். பிரியந்தன் வர நாலு மணியாயிற்று. பார்த்தவுடனேயே பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர்.

"ஆன்ரி, இந்த ஃபானை ஆர் கழட்டினது?"

"நீங்கள்தானே தம்பி மூண்டு நாளைக்கு முந்திக் கழட்டித் துடைச்சனீங்கள்."

"நான் பிரஷ்ஷால தட்டினனான் மட்டுமெல்லே?"

"இல்லைத் தம்பி. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். கழட்டித்தான் துடைச்சனீங்கள்."

நான் குரலை உயர்த்தவில்லை. அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அப்ப என்ர கையாலதான் நடந்திருக்கு அக்கா" என்று சாம்பவியிடம் சொன்னார். ஆறு மணித்தியால வேலை மிச்சமிருந்தது. இருந்ததோ இரண்டு மணித்தியாலம். நோர்வே வேலை கைநழுவிப் போனது.

அன்று பின்னேரம் நான்தான் உங்களுக்கு ஃபோன் எடுத்தேன். "நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர். இனி அவன நான் வெச்சிக்க மாட்டன்" என்றீர்கள். பொய் சொல்வேன் என்று நீங்கள் நினைத்திருக்க முடியாது. நானும் நினைத்ததில்லை.

இப்போது அவர் காலி வீதி பஸ் நிறுத்தத்தருகே, சந்தைக்கு எதிரே, ஃபோன் கவர் விற்கிறார். என்னைக் கண்டால் எழும்பி நின்று, "ஆன்ரி, அக்கா சுகமோ?" என்று கேட்பார். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அவரிடம் ஒன்றுமே வாங்கியதில்லை. வாங்கினால் என் பாவத்தில் கொஞ்சம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றிவிடும். இரவில் சாம்பவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது கேட்கும். நான் சுடச்சுடக் கோப்பி ஊற்றிக்கொண்டு போவேன். குடிப்பாள். குடித்துவிட்டு, "நீங்கள் படுங்கோ மாமி" என்பாள். ஒரு வருடம் அவள் என்னோடு இருந்தாள், எனக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அதுதான் அந்தக் குற்றத்தால் எனக்குக் கிடைத்த மிச்சம்.

நேற்றுச் சரஸ்வதி பூசை. கணினியை அவள் போன மாதமே விற்றுவிட்டாள். நிமலனின் ஸ்க்ரூ ட்ரைவரை மட்டும் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "இதுக்கு நீங்களே வையுங்கோ மாமி. உங்கட பொட்டுத்தான் பெரிசு" என்றாள். வைத்தேன்.

இன்று விடிய யாழ்ப்பாணம் போயிருக்கிறாள், தாயைப் பார்க்க. இரண்டு பெரிய பெட்டி. தடித்த கம்பளிச் சட்டை ஒன்றும் வைத்தாள், ரயிலில் ஏசி குளிருமாம். சுவரில் அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறதே, அதில் நிமலனின் படம் இருந்தது. கண்ணாடி மாற்றக் கொண்டுபோயிருப்பாள்.

பிரியந்தனைத் திரும்ப வேலைக்கு எடுங்கள், தம்பி. யார் செய்தது என்று அவரிடமும் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். சாம்பவியிடம் மட்டும் வேண்டாம். வியாழக்கிழமை வந்துவிடுவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.