உடம்பில் ஒட்டாத சோறு

எங்கள் மலையூர் பூண்டியில் குளிர் அதிகம், எல்லோருக்கும் நன்றாகப் பசிக்கும். என் வீட்டுக்காரர் திருமலைச்சாமிக்கும் கடைசிவரை பசித்தது மேடம்.

குடித்துக் குடித்து அவருடைய கணையம் கெட்டுப்போயிருந்தது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதி சுரக்கவில்லை. அதையே கேப்சூலாக, வேளைக்கு வேளை சோற்றோடு விழுங்க வேண்டும், இல்லையென்றால் தின்பது உடம்பில் ஒட்டாது என்றார் மதுரை டாக்டர்.

பெட்டிக்குள் இருந்த தாளை நான்தான் படித்தேன். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது என்று இருந்தது. வயிற்றுவலி வரலாம், அளவு மீறினால் குடல் சுருங்கலாம் என்றும் இருந்தது. அவர் அப்போது பழனிக்கு மாலை போட்டிருந்தார். விரதக்காரர் வாயில் பன்றியா என்று தோன்றியது. கேப்சூலைத் திறந்து, உள்ளிருந்த மணிகளைக் கொட்டிவிட்டு, கேழ்வரகை நிரப்பி மூடினேன்.

மாலையைக் கழற்றிய பிறகும் நிரப்பினேன். பக்கவிளைவுக்குப் பயந்து என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குள் அவர் மெலிந்து, தோட்டத்துக்குப் போக முடியாமல், அடுப்படியிலேயே உட்காரத் தொடங்கியிருந்தார். என் சோற்றுத் தட்டை எட்டி உதைத்த கால் குச்சியாக மடங்கிக் கிடந்தது. "இன்னைக்கு என்ன கொழம்பு சுகன்யா?" என்று கேட்பார். பதினோரு வருடத்தில் அவர் என் பெயரைச் சொன்னது அப்போதுதான்.

அவருடைய அக்கா வேலுத்தாய் வந்து வைவார். "ஏலே, இவ படிபடியா வடிச்சுக் கொட்டுறா. அம்புட்டும் எங்கலே போகுது? வயித்துல பொந்து கெடக்கா?"

"நீ வேணா எட்டிப் பாருக்கா," என்று சிரிப்பார்.

"மாத்திரையெல்லாம் வெரசா வேலை செய்யாது மதினி," என்பேன் நான்.

டாக்டர் அளவைக் கூட்டினார். எனக்கு நிரப்பும் வேலை கூடியது.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் உள்ளங்கையிலேயே ஒரு கேப்சூல் பிரிந்துவிட்டது. கேழ்வரகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்பார் என்று காத்திருந்தேன். தானியத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். ஆவணியில் சளி பிடித்தது. தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, போய்விட்டார். இங்கே ஜெயிலில் எனக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம் எதிரே அவர் விரலால் வழித்துச் சாப்பிடும் சத்தம் கேட்கிறது.

செய்தது நான்தான். ஆனால் ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஒரு வேளைகூட நான் அவரைப் பட்டினி போட்டதில்லை.