பட்டை கறுக்கும் வரை

நூற்று எழுபத்தொரு நாட்களாக நான் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை ஐயா. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாட்காட்டியில் தினமும் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கு முன் என் நாக்கு வேறு மாதிரி. பழைய வேலையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரு பெண் குழாய்களை மாற்றி அடுக்கிவிட்டாள். "படிச்சுத்தான் பாஸ் பண்ணியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. என்னை நானே திட்டிக்கொண்டு பல நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். இந்தக் கண் மருத்துவமனையில் சேர்ந்த அன்று முடிவெடுத்தேன். இனி யார் தவறினாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். நான் தவறினாலும்.

எங்கள் அறையில் இரண்டே பேர், அக்காவும் நானும். கூடப்பிறந்தவர் அல்ல; இருபத்திரண்டு வருடமாக அங்கே இருப்பதால் எல்லோருக்கும் அக்கா. அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவ் எந்திரத்தில் வைத்து, இருபது நிமிடம் நீராவியில் வாட்டி இறக்குவது அவர் வேலை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு காகிதப் பட்டை இருக்கும். கிருமி சாகும் அளவுக்குச் சூடு பட்டால்தான் அது கறுக்கும். அதைப் பார்த்து, பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அக்கா சில சமயம் தட்டுகளை நெருக்கி அடுக்கிவிடுவார். பட்டை பழுப்பாக வரும். "போச்சு. திட்டுடி, வாங்கிக்கறேன்" என்பார். "பரவாயில்லக்கா" என்று சொல்லி நானே மறுபடி போடுவேன். "வாயில என்ன, சர்க்கரையா வெச்சிருக்கே?" என்று கன்னத்தைக் கிள்ளுவார்.

அன்று அக்காவுக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போகச் சொன்னால் மனம் நோகும் என்று, துணி மூட்டைமேல் படுக்கச் சொன்னேன். அறுவை அறை நர்ஸ் மூன்று முறை போன் செய்தார். "என்னம்மா, உள்ளே முட்டையா அவியுது? டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கறார். என்னைத்தான் கடிச்சுக் குதறப் போறார்." பாவமாக இருந்தது.

எட்டாவது நிமிடத்தில் எந்திரத்தின் கதவு திறக்கப்பட்டது. பட்டை வெளிர் மஞ்சளாக இருந்தது. கறுப்புப் பேனாவால் அதை நிதானமாக நிரப்பினேன், கோட்டைத் தாண்டாமல். யாருக்கும் திட்டு விழக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். அக்காவை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நான் என் கட்டத்தில் போட்டேன். சாயங்காலம் நாட்காட்டியில் புள்ளியும் வைத்தேன்.

அன்று நான்கு பேருக்கு அறுவை. மூன்றாம் நாள் நான்கு கண்களிலும் சீழ். அதில் ஒருவர் தையல்காரர். அவருக்கு இருந்ததே அந்த ஒரு கண்தான்.

விசாரணைக்கு வந்த நீங்கள் பட்டையை நனைத்ததும் மை கரைந்தது. பேனா என்னுடையது என்று நேற்றே ஒப்புக்கொண்டேன். அக்காவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். பிறர் சொல்வதைத் திருத்துவது எனக்குப் பழக்கமில்லை.

எட்டு நிமிடம் என்று எந்திரம் அச்சடித்த தாளை அக்காவிடம் காட்டினீர்களாம். "எப்ப எறக்கினேன்னே ஞாபகம் இல்லடி" என்று என்னிடம் வந்து அழுதார். "பரவாயில்லக்கா, காய்ச்சல்ல இருந்தீங்க. உங்களை நீங்களே திட்டிக்காதீங்க" என்றேன். என் மடியில் தலை வைத்துக்கொண்டார்.

இன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது கையைப் பிடித்து, "நீயாவது என்னை மன்னிச்சிட்டியாடி?" என்று கேட்டார். "எப்பவோ மன்னிச்சிட்டேன்க்கா" என்றேன். தடங்கலே இல்லாமல் வந்தது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து பேசுகிறேன்.

அவரை மெதுவாகக் கூப்பிடுங்கள் ஐயா, அதட்டாதீர்கள். அன்று அவர் எந்திரத்தின் பக்கமே வரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். தட்டுகளை வைத்ததும், எட்டாவது நிமிடத்தில் கதவைத் திறந்ததும் நான்தான்.