போல்ட் பை வரும்வரை

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஆற்றங்கரை ஊர் மன்றத்தின் அன்புத் தலைவி அம்மா அவர்களே! குன்றடி ஊரைத் தம் குடும்பமாய்க் கொண்டு நடத்தும் தலைவர் அவர்களே! ரயிலடி ஊரின் ஒரு திருகாணியைக்கூடத் தொலைக்காமல் காத்துவரும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மூட்டுவலியை முறுவலால் மறைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து, 'அணைத்தோமா, இல்லையா' என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! 'இவர் எப்போது இறங்குவார், நாடகம் எப்போது ஏறும்' என்று வாசலிலேயே நிற்கும் இளைய தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் வணக்கம்.

என்ன? "ஒரு எடத்துல நின்னு பேசுங்கண்ணே" என்கிறீர்களா? மன்னிக்க வேண்டும் தம்பி. ஆயுள் முழுக்க மிஷின் மிதித்த கால் இது. மனம் பொறுத்தாலும் கால் பொறுக்காது. இன்றைக்கோ மனமும் பொறுக்கவில்லை!

குன்றடித் தலைவர் தம் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். ஐயா, உங்களுக்கும் கேட்டுவிட்டதா அந்தக் கிரீச் சத்தம்? அது நாற்காலியின் சத்தம் அல்ல. நீங்களும் நானும் ஏறி நிற்கும் இந்த மேடையின் சத்தம். எழுந்திருக்காதீர்கள், எழுந்திருக்காதீர்கள்! எழுந்தால் இன்னும் அசையும்.

அவையோரே, இந்த மேடையின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? கலையை வளர்ப்போம், கைகோத்து வளர்ப்போம், ஊர் ஊராய் வளர்ப்போம் என்று மூன்று மன்றங்களும் முழங்கின. கழற்றி மாட்டும் மேடை ஒன்றைப் பொதுவில் வாங்கின. நல்ல காரியம், நானே கைதட்டினேன். ஆனால் வாங்கிய அன்றே ஒரு கேள்வி முளைத்தது. மேடை எந்த ஊரில் இருப்பது? எங்களிடம் என்றது ஒன்று. ஏன் எங்களிடம் இல்லை என்றது மற்றொன்று. கூடிக் கூடிப் பேசினார்கள், டீ குடித்துக் குடித்துப் பேசினார்கள். கடைசியில் உலகத்தில் எவருக்கும் தோன்றாத ஒரு தீர்வு நம்மவர்களுக்குத் தோன்றியது. பலகைகள் குன்றடிக்கு! கால்கள் ஆற்றங்கரைக்கு! போல்ட்டும் நட்டும் ரயிலடிக்கு! ஒருவரும் மேடையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது பாருங்கள். ஆம் ஐயா, ஒருவரும் அதில் ஏறவும் முடியாது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தேன், எங்கள் குழுவின் முதல் நாடகத்தன்று வரை.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் யார்? பகலெல்லாம் ஊசி போடும் நர்ஸ் அக்கா ஆற்றங்கரை. பற்றவைப்புப் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் குன்றடி. ஊசியில் நூல் கோக்கும் நான் ரயிலடி. வேலை முடிந்த களைப்போடு மூன்று ஊரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து ஒத்திகை பார்த்தோம். நர்ஸ் அக்காதான் ராஜா. மூன்றாம் காட்சியில் அவர் வாளை உருவிக்கொண்டு சிம்மாசனத்திலிருந்து குதிக்க வேண்டும். அந்தக் குதியைப் பார்ப்பதற்காகவே அவருடைய அம்மா வந்தார். வாதம் வந்து கால் விழுந்த பிறகு வீட்டு வாசலைத் தாண்டாதவர், மகள் ராஜாவாகிறாள் என்றதும் சக்கர நாற்காலியில் வந்தார்.

அன்று பலகை வந்தது, கால் வந்தது, கூட்டம் வந்தது. போல்ட் வரவில்லை. ரயிலடிக் கிடங்கின் சாவியை வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேடம் கட்டிய ராஜா வெளியே வந்து, "இன்னிக்கு நாடகம் இல்லைங்க" என்று சொன்னார். சொல்லும்போது ஒட்டுமீசை ஒரு பக்கம் விழுந்தது. கூட்டம் சிரித்தது, அவர் அழுதார். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பரவால்லடி. எனக்காக வீட்டுல ஒரு தடவை குதிச்சுக் காட்டு" என்றார். அதோ, இன்றும் முன்வரிசையில் அதே சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இரண்டாம் முறையும் அந்தத் தாயை நாடகம் காட்டாமலே அனுப்பப் போகிறோமா? சொல்லுங்கள், அனுப்பலாமா?

"அப்ப இந்த மேடை எப்படி நிக்குது?" என்று கேட்கிறீர்கள். சபாஷ், அதுதான் கேள்வி! கயிற்றால் நிற்கிறது. வெல்டர் கட்டிவிட்டு என் காதில் சொன்னார்: "அண்ணே, உக்காந்து பேசினா தாங்கும். யாராச்சும் குதிச்சா தாங்காது." மூன்று மன்றங்களின் கலைப்பணி முழுவதையும் அந்த மனிதர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். பேசுவதற்குத் தாங்கும்! வாழ்த்துவதற்குத் தாங்கும்! படம் பிடிப்பதற்குத் தாங்கும்! கலைஞன் வந்து குதித்தால் தாங்காது!

போல்ட் எங்கே? தூரத்தில் இல்லை. மூன்றாம் வரிசையில் மடியில் பையை இறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான் ரயிலடிக் கிடங்குக்காரர். கேட்டேன். "தலைவர் சொன்னாத்தான் தருவேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். தலைவர் அவர்களே, உங்கள் ஊர்க்காரன் உங்களைத்தான் கேட்கிறேன். சொல்லுங்கள்!

மைக் ஒன்றுதான் இருக்கிறது, தலைவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது. நானே சொல்கிறேன். "எங்க ஸ்பீக்கர் பெட்டிய விழாவுக்குன்னு வாங்கிட்டுப் போனாங்களே, திரும்பி வந்துச்சா? போல்ட்டும் அப்படிப் போனா நான் ஊருக்கு என்ன பதில் சொல்றது?" என்கிறார். நியாயம்! கோபத்தோடு வந்த எனக்கே இது நியாயமாய்த் தெரிகிறது. வாங்கியது யார்?

தலைவி அம்மா கை உயர்த்துகிறார். என்னம்மா? "எங்ககிட்டதான் இருக்கு தம்பி. மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சு. ரிப்பேர் பண்ணித் தரலாம்னு வச்சோம், அப்படியே கெடந்துடுச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்கிறார். அம்மா, உங்கள் தலைமைக்கு வணக்கம் சொன்னேன். இந்தச் சொல்லுக்கு இன்னொரு வணக்கம்! ஒரு ஸ்பீக்கர் பெட்டி அல்லவா இத்தனை நாளும் மூன்று ஊரின் வாயையும் அடைத்து வைத்திருந்தது?

ரயிலடித் தலைவர் எழுந்துவிட்டார். மெதுவாக ஐயா, மெதுவாக, கயிறு! "இத முன்னாடியே சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சேம்மா. யோவ், பையக் கொண்டாய்யா. அது இனிமே மேடையோடவே இருக்கட்டும்" என்கிறார். கேட்டீர்களா? மேடையோடவே! குன்றடித் தலைவரும் தலையாட்டுகிறார். தலையாட்டினால் போதாது ஐயா, வாயால் சொல்லுங்கள். "பலகையும் இனி எங்க கிடங்குக்கு வராது. மேடை முழுசா ஊர் ஊராப் போகட்டும்" என்கிறார். கால்களும் அப்படித்தானே அம்மா? அப்படித்தான் என்கிறார். மூன்று மன்றங்களும் மொழிந்துவிட்டன, நீங்கள்தான் சாட்சி!

கிடங்குக்காரரே, பையை முன்னால் அனுப்புங்கள். கைமாற்றிக் கைமாற்றி அனுப்புங்கள். தலைவர்களே, தயவுசெய்து அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குங்கள். வெல்டர் தம்பி, ஸ்பானரை எடு. நான் இறங்கமாட்டேன். கடைசி போல்ட் ஏறும்வரை இந்தக் கால் இங்கேதான் இருக்கும்.

போல்ட் முறுக்கும் ஓசை கேட்கிறதா? நான் கேட்ட கச்சேரிகளிலேயே இதுதான் உயர்ந்தது! முடிந்ததா தம்பி? என் கால்தான் முதல் சோதனை. இதோ மிதிக்கிறேன், ஓங்கி மிதிக்கிறேன்... கிரீச் இல்லை!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொறுமை இழந்தும் போகாமல் நின்ற தோழர்களுக்கும், பை கடத்திய ஒவ்வொரு கைக்கும் என் நன்றி. முன்வரிசைத் தாயே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீசைக்கு இம்முறை நானே காதில் மாட்ட நூல் தைத்திருக்கிறேன், விழாது. உங்கள் மகள் குதிக்கப்போகிறாள். பாருங்கள். வணக்கம்!