இரண்டடி வேலி

“சொந்தக்காரி தீர்ப்புச் சொன்னா செல்லாதுப்பா.”

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் மடுல்கெல்ல போகும் பஸ் புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் ஓர் அப்பாவும் மகளும். மகள் சிங்கப்பூரில் வக்கீல், வெவ்வேறு நாட்டுக் கம்பெனிகளின் சண்டைகளுக்கு நடுவராக உட்காருகிறவள் என்பதை அப்பா ஏற்கனவே கண்டக்டரிடம் சொல்லி முடித்திருந்தார்.

“கப்பல் கம்பெனிக்காரன் சண்டையெல்லாம் தீத்து வைக்கிற. ஒஞ் சித்தப்பன் வேலியை ரெண்டடி தள்ளிப் போட்டிருக்கான், அதைத் தீக்க ஏலாதா?”

“ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாதவங்கதான் நடுவரா இருக்கலாம். எங்க தொழில்ல அதுதான் மொத சட்டம்.”

“சொந்தமில்லாதவனுக்கு நம்ம வேலியில என்ன அக்கறை?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்தாள், உடனே மூடினாள்.

“சித்தப்பாவும் காலையில போன்ல கோல் எடுத்தாரு. அவரு பக்கம் பேசச் சொன்னாரு.”

அப்பா நிமிர்ந்தார். “நீ என்ன சொன்ன?”

“ஒங்களுக்குச் சொன்னதேதான்.”

பஸ் நகர்ந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியதும் அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீ ரெண்டு பேருக்கும் பொதுதானே. நாளைக்குக் காலையில நீயே அளந்து சொல்லு.”